பெற்றாவில் எட்டு மணி

ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் ஒரு மோலுக்குள் காலமையில் நடக்கிற கூட்டம் நாங்கள். வெளியில் பனி கொட்டினால் வயது போனவர்கள் வேறு எங்கே நடப்பது? கடைகள் திறக்க முன்னம் போய், பூட்டின கண்ணாடிகளில் எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு ஆறு சுற்றுச் சுற்றிவிட்டு, கோப்பி குடித்து ஊர்க்கதை கதைத்துக் கலைந்துபோவோம். எங்களுக்குத் தலைவர் சண்முகம் அண்ணை. ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர். இந்த வயதிலும் ஆட்களைக் கடிதம் பிரிக்கிற மாதிரிப் பிரித்து அடுக்குவார். போன மாரியில் ஒருநாள் அவர்தான், "உந்த மோலையே சுத்திச் சுத்திச் சாகப்போறமோ? எங்கையாவது வெய்யிலுக்குப் போவம்" என்று தொடங்கினார்.

அப்படித்தான் சித்திரை மாதத்தில் பத்தொன்பது பேர் ஜோர்தானுக்குப் போனோம். பாலைவனத்துக்குள் மலையைக் குடைந்து கட்டின பெற்றா என்ற பழைய நகரத்தை அண்ணை ரிவியில் பார்த்திருந்தார். அதைப் பார்க்காமல் கண் மூடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

யோகக்கா வரமாட்டேன் என்றுதான் சொன்னா. அவவின் மனிசன் மகேசன் அண்ணை பாரிசவாதம் வந்து நாலு வருஷமாக மோலுக்குப் பின்னால் உள்ள பராமரிப்பு இல்லத்தில் படுக்கை. கதை இல்லை, அசைவு இல்லை. ஒவ்வொரு நாளும் காலமை எட்டு மணிக்கு யோகக்கா போய்ச் சாப்பாடு தீத்திவிட்டுத்தான் எங்களோடு நடக்க வருவா. மழை, பனி, காய்ச்சல் ஒன்றும் கணக்கில்லை. வேறு ஆர் தீத்தினாலும் மனிசன் வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். யோகக்கா பக்கத்தில் போய், "இஞ்சேருங்கோ, ஆ காட்டுங்கோ" என்றால் திறக்கும். கட்டின நாள் தொடக்கம் அவ அவரைக் கூப்பிட்டது "இஞ்சேருங்கோ" என்றுதான். பெயர் சொல்கிற வழக்கம் எங்கள் ஆட்களிடம் இல்லை. அங்கே வேலை செய்கிற கிறேஸ் என்ற பிலிப்பைன்ஸ் பிள்ளையும் பாவம், "இஞ்சேருங்கோ" என்று சொல்லிப் பழகிப் பார்த்தது. மனிசன் ஏமாறவில்லை.

மகன் சுதன்தான் தாயை வற்புறுத்தி அனுப்பினான். "அஞ்சு நாள்தானே அம்மா. எட்டு மணிக்கு நீங்கள் போன் எடுங்கோ, கிறேஸ் ஸ்பீக்கரில போட்டுக் காதுக்குக் கிட்டப் பிடிப்பா" என்றான். என்னைத் தனியே கூப்பிட்டு, "மலர் அன்ரி, அம்மாவை உங்களை நம்பித்தான் விடுறன்" என்றும் சொன்னான். நானும் பெரிய மனுசி மாதிரித் தலையாட்டினேன்.

முதல் நாள் தலைநகர் அம்மான். மேடும் பள்ளமுமாக ஒரு நகரம், வீடெல்லாம் ஒரே மங்கல் வெள்ளை. ரொறன்ரோவில் நாலு மாதம் சாம்பல் வானத்தைப் பார்த்துவிட்டுப் போன எங்களுக்கு அந்த வெளிச்சம் கண்ணைக் குத்தியது. சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடலையை அரைத்துக் களியாக வைக்கிறார்கள், சுடச்சுட ரொட்டி தருகிறார்கள். ஆனால் எங்கள் கூட்டம் சூட்கேசுக்குள் றைஸ் குக்கரும் பருத்தித்துறை வடையும் கொண்டுபோன கூட்டம். அன்றைக்கு மத்தியானமே கடலைக் களிக்கு மேல் ஆரோ இடிசம்பலைத் தூவிவிட்டார்கள். பரிமாறின பெடியன் அதைத் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு ஒரு கிளாஸ் தண்ணியை ஒரே மூச்சில் குடித்தான்.

யோகக்கா கை மணிக்கூட்டை மாற்றவில்லை. அது ரொறன்ரோ நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. அங்கே பின்னேரம் மூன்று மணி என்றால் இங்கே காலமை எட்டு. மூன்று மணிக்கு ஓடுகிற பஸ்சுக்குள் இருந்து போன் எடுத்தா. "இஞ்சேருங்கோ... நான்தான். ஆ காட்டுங்கோ... இன்னும் கொஞ்சம்... அவ்வளவுதான், விழுங்குங்கோ." மற்றப் பதினெட்டு வாய்களும் மூடிக்கிடந்தன. அரட்டைக்குப் பெயர்போன எங்கள் கூட்டத்தை அப்படி நான் முன்பின் பார்த்ததில்லை. வழிகாட்டி காலித் என்னிடம், "பேரக்குழந்தைக்கா சாப்பாடு கொடுக்கிறார்?" என்று இங்கிலிசில் கேட்டான். புருஷனுக்கு என்றேன். அவன் நெஞ்சில் கையை வைத்துத் தலையைக் குனிந்தான்.

இரண்டாம் நாள் சாக்கடல். கிழவன் கிழவிகள் எல்லாரும் தக்கை மாதிரி மிதந்தார்கள். யோகக்கா இறங்கவில்லை. எல்லாரின் செருப்புக்கும் பைக்கும் காவலாகக் கரையில் இருந்துகொண்டா. நான் தண்ணி வாங்கப் போன இடத்திலிருந்து, அவவுக்கும் வேண்டுமா என்று கேட்கப் போன் அடித்தேன். மெசேஜ் பெட்டிக்குப் போய்விட்டது. "யோகம் கதைக்கிறன். நான் இப்ப வேலையா இருக்கிறன். பிறகு எடுங்கோ." பேத்தி சொல்லிக்கொடுத்து அவ பதிந்து வைத்த குரல். அதில் ஒரு அவசரமும் சினமும் இருக்கும். அதை வைத்து எங்கள் கூட்டத்தில் பகிடி. "கரையில சும்மா குந்திக்கொண்டு என்ன வேலை யோகக்கா?" என்று கேட்டேன். "உங்கட செருப்பெல்லாம் ஆர் பாக்கிறது?" என்றா. பற்றரி செத்துக் கிடந்தது. அந்தப் போனில் சார்ஜ் நிற்பதே இல்லை. மூன்று மணிக்கு என்னுடைய பவர் பாங்கில் கொழுவித்தான் கதைத்தா. அன்றைக்கு அவர் இரண்டு கரண்டிதான் சாப்பிட்டார் என்று கிறேஸ் சொல்லியிருக்கிறா. யோகக்கா இரவு முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தா.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, பெற்றாவுக்குப் போகிற நாள். விடிய ஆறு மணி ஆகவில்லை. தேத்தண்ணிக்கு நான் கீழே இறங்கி வந்தபோது என் போன் அடித்தது. சுதன்.

"அன்ரி, அம்மா பக்கத்திலயோ?"

"இல்லை. மேல குளிக்கிறா. என்ன அப்பு?"

"அப்பாவுக்கு நெஞ்சில சளி கட்டிப்போட்டுது. ஒக்சிஜன் போட்டிருக்கினம். டொக்டர் ரெண்டு மூண்டு நாள் தாங்கும் எண்டவர்." மூக்கை உறிஞ்சினான். "அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ அன்ரி. நாலு வருஷத்தில முதல் தரம் வெளிக்கிட்டவ. இண்டைக்கு ஒரு நாள் நிம்மதியாப் பாக்கட்டும். நாளைக்கு எப்பிடியும் பிளேன் ஏறுறீங்கள்தானே. வந்த உடனை நான் நேர கூட்டிக்கொண்டு போறன்."

"எட்டு மணிக்கு எடுப்பாவே, அப்பு."

"விடாதேங்கோ. அந்த மாஸ்க் சத்தம் கேட்டா அவவுக்கு விளங்கிடும். சிக்னல் இல்லையெண்டு சொல்லுங்கோ. ப்ளீஸ், அன்ரி."

நான் சண்முகம் அண்ணைக்கு மட்டும் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "சொல்லக்கூடாது. சொன்னாலும் இண்டைக்குப் பறக்கேலாது. பயணத்தில நிக்கிற ஆக்களுக்கு உப்பிடிச் செய்தி சொல்லுறது எங்கட வழக்கமில்லை. இரவு வந்து வடிவாச் சாப்பிட்ட பிறகு, மெல்ல மெல்லச் சொல்லுவம்."

வழக்கம்தான். எனக்குத் தெரியாததா? என்னைப் பெற்ற ஐயா ஊரில் கண்மூடினபோது நான் ஸ்காபரோவில் வயிற்றில் பிள்ளையோடு இருந்தேன். எட்டு நாள் மறைத்தார்கள். அந்த எட்டு நாளும் நான் சிரித்ததும் சாப்பிட்டதும் நினைக்க நினைக்க என்னை அறுத்தது. சொல்லாமல் விட்ட சின்னம்மாவோடு மூன்று வருஷம் நான் கதைக்கவில்லை. அப்படிப்பட்ட நான், யோகக்கா தலையைத் துவட்டிக்கொண்டு இறங்கி வந்தபோது, "போனைத் தாங்கோ அக்கா, சார்ஜ் போட்டு வைக்கிறன்" என்று கையை நீட்டினேன். தந்தா. அதை நிறுத்தி என் பெரிய பைக்குள் அடியில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் என்னுடையதையும் நிறுத்தினேன். அதற்கு ஒரு நியாயமும் இல்லை. இன்னொரு தரம் அது அடித்தால் என்ன கேட்க வேண்டி வருமோ என்று பயம், வேறொன்றுமில்லை.

பாலைவன றோட்டு நீட்டுக்குப் போகிறது. எங்கள் 401 நெடுஞ்சாலை மாதிரி அகலமுமில்லை, நெரிசலுமில்லை. இரண்டு பக்கமும் கல்லும் புழுதியும், இடைக்கிடை ஒரு ஆட்டுப்பட்டி, ஒரு தண்ணித் தாங்கி. பஸ்சுக்குள் பாட்டுப் போட்டார்கள். யோகக்கா யன்னல் கரையில் இருந்து எனக்குத் தோடம்பழம் உரித்துத் தந்தா. வெள்ளை நாரெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துத்தான் தந்தா. நாலு வருஷமாகத் தீத்தின கை. சுளைகள் என் மடியிலேயே கிடந்தன.

பாதி வழியில் ஒரு கடையில் நிற்பாட்டினார்கள். கழிவறை வரிசையில் எங்கள் ஆட்கள் கனடாக்காரர் மாதிரி இடைவெளி விட்டு நிற்க, வேறு பஸ் ஆட்கள் அந்த இடைவெளிக்குள் புகுந்துகொண்டே இருந்தார்கள். கடைக்குள் ஒருவர் சின்னச் சின்னப் போத்தல்களுக்குள் நிறம் நிறமான மணலைப் புனலால் ஊற்றி ஒட்டகமும் மலையும் வரவைத்துக்கொண்டிருந்தார். கேட்டால் பெயரும் எழுதுவார். யோகக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு என் கையைச் சுரண்டினா.

"மலர், அவற்ர பேரை எழுதித் தரச்சொல்லும்."

"நீங்களே சொல்லுங்கோவன் அக்கா."

"நான் எப்பிடிச் சொல்லுறது? நீர் சொல்லும்."

நாற்பத்துமூன்று வருஷம் சொல்லாத பெயர். அதை நான் சொன்னேன், ஒவ்வொரு எழுத்தாக. அந்த மனிதர் ஒரு மெல்லிய கம்பியைப் போத்தலுக்குள் விட்டுக் கறுப்பு மணலால் எழுதினார். காலமை கேட்ட செய்தி உள்ளுக்குள் கிடக்கிறது, வெளியில் நான் அவரின் பெயருக்கு எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறேன். யோகக்கா போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. "கட்டிலுக்குப் பக்கத்தில வைச்சா, பாத்துக்கொண்டு கிடப்பார்" என்றா. அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். நான் வெளியே போய்ப் பஸ்சில் ஏறிவிட்டேன்.

பெற்றாவைப் பற்றி எழுதவேண்டும் என்றுதான் கொப்பி கொண்டு போனேன். வாசலில் இருந்து சரிவாக இறங்கி, இரண்டு மலைக்கு நடுவில் ஒரு வெடிப்புக்குள்ளால் நடக்க வேண்டும். சில இடங்களில் இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு பக்கமும் தொட்டுவிடலாம் போல இருக்கும். மேலே வானம் ஒரு கீற்று. சிவப்புக் கல்லில் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். மழை எப்போதாவது பெய்கிற இடத்தில் ஒரு சொட்டையும் வீணாக்காமல் பிடித்து நகரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வெய்யில் படாத இடத்தில் சில்லென்று குளிர், வெய்யிலில் வேர்த்துக் கோட்டைக் கழற்றினவர்கள் திரும்பவும் போட்டார்கள். குதிரைச் சாணி நாறியது. யோகக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல வந்தா.

வெடிப்பு முடிகிற இடத்தில் அந்தப் பெரிய முகப்பு திடீரென்று தெரிகிறது. மலையிலேயே செதுக்கின தூண்களும் சிலைகளும். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். காலித் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்: "இதைக் கருவூலம் என்கிறார்கள், ஆனால் இது கல்லறை. இங்கே நீங்கள் பார்க்கப்போகிறதில் அனேகமானவை கல்லறைகள். மனிதர் இருந்த வீடுகள் இடிந்து மண்ணோடு போய்விட்டன. செத்தவர்களுக்குக் கட்டினதுதான் நிற்கிறது."

"உள்ளுக்க என்ன இருக்கு?" என்று யோகக்கா கேட்டா.

"ஒன்றுமில்லை அம்மா. வெறும் அறை."

"உவ்வளவு வடிவா முகப்பை வைச்சுக்கொண்டு" என்றா யோகக்கா. அவ்வளவுதான்.

சண்முகம் அண்ணை மட்டும் கண் கலங்கி நின்றார். இருபது வருஷத்து ஆசையாம். அவரைப் பார்க்க எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு மனிசியின் தலையில் விழப்போகிற இடியை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று எழுதி வைத்துவிட்டு, கல்லைப் பார்த்து அழுகிறார். என்னில் வரவேண்டிய ஆத்திரம் என்பதும் எனக்குத் தெரியும்.

மத்தியானம் தயிரில் அவித்த ஆட்டிறைச்சி மணக்க மணக்க இருந்தது. வெள்ளிக்கிழமை என்றபடியால் பாதிப்பேர் கத்தரிக்காயும் சோறும்தான். யோகக்கா பசியோடு சாப்பிட்டா. "நல்ல ருசி மலர், நீர் ஏன் அளைஞ்சுகொண்டு இருக்கிறீர்?" என்று கேட்டா. தலையிடி என்றேன். உடனே தன் பையைக் கிண்டி ஒரு பனடோல் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தா.

திரும்பி வருகிற வழியில் பெரிய கல்லறைகளுக்கு மேலே ஏறவேண்டும் என்று சண்முகம் அண்ணை எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனார். யோகக்காவுக்கு முழங்கால் ஏலாது. நாங்கள் இருவரும் கீழே ஒரு தேத்தண்ணிக் கொட்டிலில் இருந்தோம். நடத்துகிறவ ஒரு பாலைவனத்துப் பெதூயின் மனிசி, எங்கள் வயதுதான் இருக்கும், நாடியில் பச்சை குத்தியிருந்தா. பெயர்ப்பலகை ஒன்றும் கிடையாது, ஒரு கரி பிடித்த கேத்தில், நாலு கிளாஸ். சீனியும் ஏதோ ஒரு வாசமான இலையும் போட்ட தேத்தண்ணி. யோகக்கா மணிக்கூட்டைப் பார்த்தா.

"எட்டாகப்போகுது. போனைத் தாரும்."

நான் பையைக் கிண்டுகிற மாதிரிக் கிண்டினேன். கை அந்தப் போனில் பட்டது. "ஐயோ அக்கா, பஸ்சில விட்டிட்டு வந்திட்டன் போல."

"அப்ப உம்மடையைத் தாரும்."

"அதிலயும் சார்ஜ் இல்லை."

அவ முகம் போன போக்கை நான் எப்படி எழுதுவது? கோபமில்லை. காசு வைத்த பையைத் தேடுகிற ஆளின் முகம். தேத்தண்ணி மனிசிக்குப் பாஷை விளங்காவிட்டாலும் விஷயம் விளங்கிவிட்டது. தன் மடிக்குள் இருந்து ஒரு போனை எடுத்து நீட்டினா. வட்ஸ்அப் இருக்கிறது, எங்கேயும் எடுக்கலாம் என்று கையால் காட்டினா.

யோகக்கா ஆசையோடு வாங்கினா. வாங்கின கை அப்படியே நின்றது. "நம்பர் மனப்பாடம் இல்லையே. எல்லாம் அந்தப் போனுக்குள்ள. சுதன்ர நம்பர் உமக்குத் தெரியுமோ மலர்?"

எனக்குத் தெரியும். அவன் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அதே நம்பர்தான். "தெரியாது அக்கா" என்றேன்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு யோகக்கா மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு இருந்தா. மணிக்கூட்டு முள் எட்டில் வந்ததும், கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு, அந்தச் சிவப்பு மலைப் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னா. "இஞ்சேருங்கோ. போன் இல்லை. கிறேஸ் தாறதைச் சாப்பிடுங்கோ. ஆ காட்டுங்கோ." பிறகு என்னைப் பார்த்து, "விசரி எண்டு நினைப்பா உந்த மனிசி" என்று சிரித்தா. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு நான் என்னைப் பிறகு மன்னிக்கவில்லை. கொட்டில் மனிசி எங்களுக்கு இரண்டாவது தேத்தண்ணி ஊற்றினா. காசு வாங்க மாட்டேன் என்று கையை மூடிக்கொண்டா.

நாலரை மணிக்குத்தான் எல்லாரும் பஸ்சுக்கு வந்து சேர்ந்தோம். காலித் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தான். யோகக்கா கடைசியாக ஏறுவதற்குள் என்ன என்று பார்ப்போமென்று என் போனைப் போட்டேன். அது நடுங்கத் தொடங்கி நிற்கவே இல்லை. எல்லாம் சுதன். முதலாவது: "அன்ரி, அப்பாவுக்கு ஏலாமல் வருது. டொக்டர் அம்மாவைக் கதைக்கவிடச் சொல்லுறார்." அடுத்தது: "ஐ வோஸ் றோங், அன்ரி. அம்மாட்டைக் குடுங்கோ." அதற்கடுத்தது: "ப்ளீஸ், பிக் அப். அப்பாவுக்குக் காது கேக்குதாம்." கடைசி ஒரு வரி: "அப்பா போயிட்டார். எட்டு இருபதுக்கு."

சண்முகம் அண்ணையின் திட்டமெல்லாம் அதோடு சரி. என்னைக் கண்டதும் யோகக்காவுக்கு விளங்கிவிட்டது. பையைக் கீழே வைத்தா.

"சொல்லும்."

சொன்னேன். பஸ் அப்போதும் நின்ற இடத்தில்தான் நின்றது. அவ அழவில்லை.

"எத்தினை மணிக்கு?"

"எட்டு இருபதுக்காம்."

மணிக்கூட்டைப் பார்த்தா. கணக்குப் பார்த்தா. "அப்ப நான் ரெண்டாவது தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்." பிறகு, "உமக்கு எப்ப தெரியும்?"

"ஏலாமல் கிடக்கிறார் எண்டு காலம்பிறயே தெரியும் அக்கா. உப்பிடியாகும் எண்டு..."

"அந்தப் போத்தலில பேர் எழுதுவிக்கேக்க தெரியும்?"

"ஓம்."

"என்ர போன் எங்க?"

பையின் அடியில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். பஸ்சில் விட்டிட்டு வந்தேன் என்று சொன்ன போன், நாள் முழுக்க என் தோளில் தொங்கின பையில். அவ அதைப் பார்த்தா, பையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

சண்முகம் அண்ணை எழும்பி வந்து, "தங்கச்சி, நாங்கள் உங்கட நன்மைக்குத்தான்..." என்று தொடங்கினார்.

"அண்ணை, போய் இருங்கோ" என்றா யோகக்கா. அவ அவரை எதிர்த்துச் சொல்லி ஒருத்தரும் கேட்டதில்லை. முன் சீற்றுக்குப் போய்த் தனியே இருந்தா. அம்மான் வரும்வரை மூன்று மணித்தியாலம் அந்த நரைத்த கொண்டையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். காலித் பாட்டை நிறுத்திவிட்டான். மறைக்கச் சொன்னது சுதன் என்று நான் சொல்லவில்லை. அவவுக்கு மிஞ்சியிருப்பது அவன் ஒருத்தன். அதையும் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நாலாம் நாள் பிளேன். விமான நிலையத்தில், பாதுகாப்பு வரிசையில் நிற்கும்போது யோகக்கா என்னிடம் வந்தா. மணல் போத்தலை நீட்டினா. "உதை நீரே வைச்சிரும்" என்றா. ரொறன்ரோவில் இறங்கும்போது மழைத் தூறல். சுதன் வெளியில் கறுப்புக் கோட்டோடு நின்றான். தாய் அவனைக் கட்டிக்கொண்டு அங்கேதான் முதல் தரம் அழுதா. பிள்ளை போன் எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறானே என்று அவனுக்குத் தலையைத் தடவிவிட்டா. அவன் என் பக்கம் பார்க்கவில்லை.

செத்தவீட்டில் நான் பின் வரிசையில் நின்றேன். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த அன்று, சாப்பாட்டு மண்டபத்துக்கு வெளியே கார் நிறுத்துகிற இடத்தில் சுதன் என்னைப் பிடித்தான். ஆள் பாதியாகப் போயிருந்தான்.

"அன்ரி, ஒண்டு சொல்லவேணும். ஆருக்கும் சொல்லேல்லை." கார்ச் சாவியை உருட்டிக்கொண்டு நின்றான். "அண்டைக்கு அம்மாவின்ர போனுக்கு அடிக்க அடிக்க மெசேஜ் பெட்டிக்குப் போச்சு. ஸ்பீக்கரில இருந்தது. அம்மாவின்ர குரல் கேட்ட உடனை அப்பா கண் திறந்தவர். கிறேஸ் சொன்னா, திரும்பப் போடு எண்டு. நான் திரும்பத் திரும்ப அடிச்சனான். ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்தவர் அன்ரி. மாஸ்க்குக்குள்ள, ஆ எண்டு, சாப்பாட்டுக்குத் திறக்கிற மாதிரி. நாங்கள் பஞ்சில தண்ணி நனைச்சு வைச்சம். அப்பிடியேதான் போனவர்."

எனக்கு அந்தக் குரல் காதுக்குள் கேட்டது. நான் இப்ப வேலையா இருக்கிறன். பிறகு எடுங்கோ.

"உதை அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றான். "தாங்கமாட்டா. எல்லாம் என்னாலதான்."

திரும்பவும் அதே பேச்சு, அதே வாய், அதே "சொல்லாதேங்கோ". நான் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

யோகக்கா மோலுக்கு நடக்க வரத் தொடங்கினா. எங்கள் கூட்டத்தோடு இல்லை. நாங்கள் இடமிருந்து வலமாகச் சுற்றினால் அவ வலமிருந்து இடமாக. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தரம் எதிர்ப்படுவோம். மற்றவர்களுக்குத் தலையாட்டுவா. என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் இருக்கிற சப்பாத்துக் கடையைப் பார்ப்பா. இரண்டு கிழமை பொறுத்தேன். மூன்றாம் கிழமை ஒருநாள் கூட்டத்தை விட்டு விலகி, அவவுக்கு முன்னால் போய் நின்றேன். சுதன் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன். பெற்றாவுக்குப் போன அன்று காலமை எனக்குப் போன் எடுத்து மறைக்கச் சொன்னது ஆர் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவ பக்கத்தில் இருந்த வாங்கில் குந்தினா.

"எத்தினை தரம் போட்டவன்?"

"நிறையத் தரமாம்."

"வாய் திறந்தவரோ?"

"ஒவ்வொரு முறையும் திறந்தவராம் அக்கா."

பூட்டின கடை ஒன்றின் கதவை உள்ளிருந்து ஆரோ மேலே இழுத்தார்கள். அவ மணிக்கூட்டைப் பார்த்தா, எழும்பினா, சால்வையைச் சரி செய்தா. "சரி" என்று ஒரு சொல் சொன்னா. பிறகு தான் வந்த திசையிலேயே நடந்து போனா. என்னோடு சேர்ந்து அல்ல.

அன்று பின்னேரம் மனம் கேட்காமல் அவவுக்குப் போன் எடுத்தேன். என் வீட்டு யன்னல் கரையில் மகேசன் அண்ணையின் பெயர் எழுதின போத்தல். மணி நாலு தரம் அடித்தது. பிறகு அந்தக் குரல், அதே அவசரத்தோடு. "யோகம் கதைக்கிறன். நான் இப்ப வேலையா இருக்கிறன். பிறகு எடுங்கோ." அவ அதை மாற்றவில்லை. நான் வைத்துவிட்டுத் திரும்பவும் எடுத்தேன்.